பிக்கப் டிரக்கில் நைட்ரஸ் சுவிட்ச்: ஒரு வயரை மிச்சப்படுத்தலாம்

நைட்ரஸ் என்பது எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தரும் வாயு. அதைத் தயார்நிலையில் வைக்க டாஷ்போர்டில் இருக்கும் ஆர்மிங் சுவிட்சை ரிலேயின் (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) 86ஆம் முனைக்கும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் ஆன் ஆகும் திராட்டில் மைக்ரோ சுவிட்சை 85ஆம் முனைக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கொடுத்துவிடுங்கள். 30க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87இலிருந்து சொலினாய்டு (நைட்ரஸைத் திறந்துவிடும் மின் வால்வு).

சொலினாய்டுகள் பல ஆம்பியர் இழுக்கும். அதை நேராகச் சுமந்தால் சின்ன மைக்ரோ சுவிட்ச் கருகிவிடும். ரிலே காயிலுக்கோ கால் ஆம்பியர்கூட வேண்டாம். மைக்ரோ சுவிட்சுக்கு எர்த் பக்கத்திலேயே கிடைத்துவிடுவதால், ரிலேயிலிருந்து அதற்கு ஒரே வயர்தான் இழுக்க வேண்டும். ஆனால் அந்த வயர் உராய்ந்து பாடியில் பட்டால் ரிலே தானாக ஆன் ஆகிவிடும், அதனால் ஸ்லீவ் கட்டாயம். ஆர்மிங் சுவிட்சுக்கு இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் சப்ளையைக் கொடுங்கள். சாவியை எடுத்ததும் எல்லாம் அணைந்துவிடும்.

எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள வண்டியில் மைக்ரோ சுவிட்சைப் பெடலில் பொருத்தலாம். டீசல் டிரக்குக்கு இது சரிவராது. அங்கே டர்போ அழுத்தத்தைப் பார்க்கும் பிரஷர் சுவிட்ச்தான் பொருத்தம். நைட்ரஸைப் படிப்படியாகக் கூட்டும் கன்ட்ரோலர் வைத்திருந்தால், அது வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் துடிப்புக்குச் சாதாரண ரிலே ஈடுகொடுக்காது.