காவிரிப் பற்றாக்குறை: முன்வைக்கப்படும் தீர்வுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

காவிரியில் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் அதே தீர்வுகள்தான் மீண்டும் மீண்டும் பேச்சுக்கு வருகின்றன. மேட்டூருக்கு மேலே, கர்நாடகத்தின் மேகேதாட்டில் அணை கட்ட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு, கூடவே கூடாது என்கிறது இன்னொரு தரப்பு. கோதாவரியை இணைப்பது, மேட்டூரைத் தூர்வாருவது, நெல் பரப்பைக் குறைப்பது, கடல்நீரைக் குடிநீராக்குவது என்று மற்ற யோசனைகளும் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) எண்ணோடு வருவதால், எந்த எண் பெரியது என்று பார்ப்பதே ஒப்பீடாகிவிடுகிறது. ஆனால் ஒன்று அணையின் கொள்ளளவைக் குறிக்கிறது, மற்றொன்று ஆண்டுக்குக் கொண்டுவரும் நீரைக் குறிக்கிறது, வேறொன்று வயலில் மிச்சமாவதைக் குறிக்கிறது. வெவ்வேறு பொருள்களை அளக்கும் எண்களைத் தராசில் ஏற்றுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

பற்றாக்குறை எங்கே, எப்போது?

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பு, 50 சதவீத நம்பகத்தன்மையில் வடிநிலத்தின் மொத்த நீர்வளத்தை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. ஏறத்தாழ பாதி ஆண்டுகளில் இதைவிடக் குறைவாகவே தண்ணீர் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பங்கீடே செய்யப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தித் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. என்றும் கர்நாடகத்தின் பங்கை 284.75 டி.எம்.சி. என்றும் நிர்ணயித்தது, சாதாரண ஆண்டில் மாநில எல்லையிலுள்ள நீரளவு நிலையமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டிய அளவு 192இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. அந்த 177.25உம் மாதவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று இருந்து, பிப்ரவரி முதல் மே வரை மாதத்திற்கு 2.5 என்று இறங்கிவிடுகிறது.

இந்த அட்டவணையை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். 2022-23 நீராண்டில் (ஜூன் முதல் மே வரை) பிலிகுண்டுலுவைக் கடந்து வந்தது 600 டி.எம்.சி.க்கும் மேல், மேட்டூர் நிரம்பி, கொள்ளிடம் வழியாக வெள்ளம் கடலுக்குப் போனது. அடுத்த ஆண்டு வந்தது 177.25இல் பாதிக்கும் குறைவு. 2023 ஜூன் 12 அன்று வழக்கம்போலத் திறக்கப்பட்ட மேட்டூர் அணை அக்டோபர் 10 அன்று மூடப்பட்டது, கடைமடைப் பகுதிகளில் குறுவை கருகியது. இரண்டு ஆண்டுகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் காவிரியில் பற்றாக்குறை என்பதே இல்லை. ஆகவே, ஒப்பீட்டைத் தொடங்கும் தாளின் தலைப்பில் ஆண்டுச் சராசரியை எழுதாதீர்கள். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஓர் ஆண்டில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேட்டூருக்குக் கீழே எவ்வளவு குறைகிறது என்பதை எழுதுங்கள். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை டெல்டாவுக்குக் கைகொடுக்கக்கூடும் என்பதால், சம்பாவின் பற்றாக்குறையைத் தனி வரியாக வைத்துக்கொள்வது நல்லது.

அளவைகளை ஒன்றாக்குதல்

இது சிறு வேலைதான். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். நெல்லுக்குப் பருவம் முழுவதும் 120 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. வயலில் சுமார் 5,800 ஏக்கருக்குப் போதும். நகரத் திட்டங்கள் நாளொன்றுக்கு இத்தனை கோடி லிட்டர் என்று பேசும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை ஆண்டு முழுவதும் ஓடினால் கிடைப்பது ஏறக்குறைய 1.3 டி.எம்.சி. எல்லாத் தீர்வுகளையும் இந்த ஒரே அளவைக்கு மாற்றி எழுதினாலே பாதிக் குழப்பம் தெளிந்துவிடும்.

புதிய தண்ணீரா, இடம் மாறிய தண்ணீரா?

ஒப்பீட்டில் அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலான அறிக்கைகள் வேகமாகத் தாண்டிச் செல்லும் கேள்வியும் இதுதான். ஒரு பயனர் எடுக்கும் தண்ணீர் முழுவதும் ஆற்றிலிருந்து மறைந்துவிடுவதில்லை. பயிர் உறிஞ்சி ஆவியாக்கியது போக, மண்ணில் கசிந்ததும் வடிகாலில் ஓடியதும் கீழே வேறொருவருக்குக் கிடைக்கின்றன. ஆகவே கசிவைத் தடுத்துச் சேமித்ததாகச் சொல்லப்படும் தண்ணீர், வேறொருவருடைய கிணற்றுக்கு முன்பே போய்க்கொண்டிருந்த தண்ணீராக இருக்கலாம்.

நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு முழம் நீளத்துக்கும் குறைவான குழாய் ஒன்றின் கீழ்ப்பாதியில் துளைகளிட்டு, துளையிட்ட பகுதி மண்ணுக்குள் 15 சென்டிமீட்டர் இறங்கும்படி வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுவார்கள். குழாய்க்குள் தெரியும் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகே மறுபடி 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டப்படும்; பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடுவதில்லை. இதனால் பாசன நீர் 30 சதவீதம் வரை குறையும் என்பது வயல் ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டது. ஆனால் அந்த 30 சதவீதத்தில் பெரும்பகுதி, பயிர் குடித்திருக்கக்கூடிய நீர் அல்ல, மண்ணில் இறங்கியிருக்கக்கூடிய நீர். இதே முறையைக் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் கடைப்பிடித்தால், கால்வாயில் தேவை குறையும் அளவுக்கு ஆற்றுக்குத் திரும்பும் கசிவும் குறையும் என்பதால், வடிநிலம் முழுமைக்கும் கிடைக்கும் நிகர லாபம் சிறியது. நாகப்பட்டினத்தின் கடைமடையில் நிலைமை வேறு: அங்கே கசியும் நீர் உவர் நிலத்தடியில் கலந்தோ வடிகால் வழியாகக் கடலை அடைந்தோ பயனின்றிப் போவதால், மிச்சமாகும் ஒவ்வொரு அங்குலமும் உண்மையான மிச்சம். ஒரே தொழில்நுட்பத்துக்கு ஆற்றின் இரு முனைகளில் இரு வேறு மதிப்பெண்கள் தர வேண்டும்.

பயிர் மாற்றம் இந்தச் சோதனையில் தெளிவாகத் தேறுகிறது. அது ஆவியாகும் நீரையே குறைக்கிறது. நெல்லுக்கும் பயறு வகைக்கும் இடையே நீர்த்தேவையில் 80 சென்டிமீட்டர் வேறுபாடு என்று கொண்டால், குறுவையில் ஒரு லட்சம் ஏக்கர் மாறினாலே ஆற்றிலிருந்து எடுக்க வேண்டிய தேவையில் 11 டி.எம்.சி. குறைகிறது. இதிலும் ஒரு பகுதி கசிவு நீர்தான் என்பதால், முழு அளவையும் நிகர மிச்சமாக எழுதிவிடக் கூடாது. நெல்லுக்கு ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம் இருப்பதுபோல் பயறுக்கு இல்லாத வரை, விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்பாவுக்கு இந்த யோசனையை நீட்டுவதும் சரிவராது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் நெல்லைத் தவிர வேறு எதுவும் எளிதில் தாக்குப்பிடிக்காது. சம்பா அறுவடைக்குப் பின் ஈரம் காயாத தரிசில் உளுந்து தெளிக்கும் வழக்கம் அந்த மண்ணை அறிந்து உருவானது.

நகரக் கணக்கிலும் இதே கேள்வி எழுகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு எடுக்கும் நீரில் 20 சதவீதம் மட்டுமே நுகர்வு, மீதி கழிவுநீராகத் திரும்பும் என்று நடுவர் மன்றம் கொண்டது. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகு பெங்களூரு நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய காவிரி நீர் சுமார் 222 கோடி லிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 29 டி.எம்.சி. அந்நகரம் இரு வடிநிலங்களின் மேட்டில் அமர்ந்திருப்பதால், அதன் கழிவுநீரில் ஒரு பகுதி விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் பக்கம் போவது தென்பெண்ணைக்கும், சுத்திகரிக்கப்பட்டுக் கோலாரின் ஏரிகளுக்கும் செல்கிறது. கோலாருக்கு அது வரப்பிரசாதம்தான். காவிரியின் கணக்கில் அது திரும்பி வராத நீர். பெங்களூருவின் கழிவுநீர் மறுசுழற்சியை ஒரு தீர்வாக முன்வைப்பவரிடம், எந்தப் பக்கத்துக் கழிவுநீர் என்று கேளுங்கள்.

வறண்ட ஆண்டில் நிற்கிறதா?

அடுத்ததாக ஒவ்வொரு தீர்வையும் 2023 என்ற ஆண்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கர்நாடகத்தின் நான்கு பெரிய அணைகளான கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகியவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 114.5 டி.எம்.சி.; மேட்டூருக்கு 93.47. அந்த ஆண்டில் குறைவாக இருந்தது நீர்வரத்துதானே ஒழிய, அதைத் தேக்கிவைக்கும் இடம் அல்ல. புதிய கொள்ளளவை மட்டும் சேர்க்கும் திட்டங்கள் எல்லாம் இங்கே தடுமாறுகின்றன.

மேட்டூரைத் தூர்வாருவது அவற்றுள் ஒன்று. ஒரு டி.எம்.சி. இடத்தை மீட்க 2.83 கோடி கன மீட்டர் வண்டலை அள்ள வேண்டும். ஒரு லாரிக்கு 10 கன மீட்டர் என்றாலும் 28 லட்சம் நடை. வண்டலை விவசாயிகள் வயலுக்கு எடுத்துச் செல்வது நல்ல காரியம், ஆனால் அதை மண்வளத் திட்டமாக மதிப்பிடலாமே தவிர நீர்த்திட்டமாக அல்ல. மாயனூர் கதவணையிலிருந்து காவிரியை வைகையோடும் குண்டாற்றோடும் இணைக்கும் 262 கிலோமீட்டர் கால்வாயும் வெள்ள உபரிக்காகவே வகுக்கப்பட்டது. வறண்ட ஆண்டில் அதில் தண்ணீர் இராது என்பது அதன் குறை அல்ல, இயல்பு. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களுக்கு அது வேறு கணக்கில் பயன்தரலாம். உபரியைப் பற்றிப் பேசுகையில், கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யை நடுவர் மன்றமே ஒதுக்கியிருக்கிறது. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் நன்னீர் குறைந்தால் உவர்நீர் உள்ளே ஏறும்.

மேகேதாட்டின் நிலை இன்னும் நுட்பமானது. 67.16 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அந்த அணை, மேலே இருக்கும் அணைகளிலிருந்து வருவதை மட்டுமல்லாமல், இடைப்பட்ட நீர்ப்பிடிப்பில் பெய்து இன்று எந்தத் தடையுமின்றி மேட்டூருக்கு வந்துசேரும் மழையையும் கைக்குள் கொண்டுவரும். வறண்ட ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வரும் நீரில் இந்த இடைவரவுக்கு முக்கிய இடம் உண்டு. ஆகவே அந்த அணை எவ்வளவு தேக்கும் என்பதைவிட, வறண்ட ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் அதன் மதகை யார், எந்த விதிப்படி இயக்குவார் என்பதுதான் கீழ்ப்பகுதிக்கு அதன் மதிப்பைத் தீர்மானிக்கும்.

கோதாவரி இணைப்பு இந்தச் சோதனையில் ஓரளவு நன்றாகவே நிற்கிறது. இரு நதிகளும் வெவ்வேறு மழையை நம்பியிருப்பவை. காவிரி வறண்ட 2023 ஜூலையிலேயே பத்ராசலத்தில் கோதாவரி வெள்ள எச்சரிக்கை அளவைத் தாண்டியது. தடுமாற்றம் வேறிடத்தில் வருகிறது. இச்சம்பள்ளியிலிருந்து நாகார்ஜுனசாகர், சோமசிலா வழியாகக் கல்லணை வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான பாதையில், 247 டி.எம்.சி. என்று தொடங்கிய திட்டம் பின்னர் 148 டி.எம்.சி. ஆகச் சுருங்கியது, வழியிலுள்ள மாநிலங்கள் தத்தம் பங்கைக் கேட்கின்றன, அந்த நீரில் பெரும்பகுதி சத்தீஸ்கர் இன்னும் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பங்கை நம்பியது. தமிழ்நாட்டின் கட்டத்தில் 148ஐ எழுதாமல், கல்லணையில் கடைசியாக வந்து சேருவதை மட்டும் எழுதுங்கள்.

கடல்நீர் ஆலைக்கு மழை வேண்டாம், மின்சாரம் வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 3.5 யூனிட் என்று கொண்டால், ஒரு டி.எம்.சி.க்குச் சுமார் 10 கோடி யூனிட். நெல்லுக்கு இது ஒருபோதும் கட்டுப்படியாகாது. எனினும் சென்னை, வீராணத்திலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்ற வடிவமைப்பில் தண்ணீர் பெறுகிறது, அந்த வீராணம் கீழணை வழியாகக் காவிரி நீரையும் பெறுகிறது. வறண்ட ஆண்டில் சென்னை அதை விட்டுக்கொடுத்தால் ஆண்டுக்கு 2.3 டி.எம்.சி. வரை கடலூர் மாவட்டத்துக்கு மீளும்.

எதனால் வகுப்பது?

செலவை ஒப்பிடுகையில் வகுக்கும் எண்ணில்தான் வித்தை நடக்கும். மேகேதாட்டின் அறிவிக்கப்பட்ட மதிப்பீடு 9,000 கோடி ரூபாய். அதை 67.16ஆல் வகுத்தால் டி.எம்.சி.க்கு 134 கோடி. பெங்களூருவின் குடிநீருக்கென்று சொல்லப்படும் 4.75ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,900 கோடி. சென்னைக்கு அருகே நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் கடல்நீர் ஆலை சுமார் 1,500 கோடி ரூபாயில் கட்டப்பட்டது, ஆண்டுக்கு 1.9 டி.எம்.சி. என்றால், டி.எம்.சி.க்கு ஏறத்தாழ 780 கோடி. அணையிலிருந்து 400 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும், ஆலை மின்சாரத்தை விழுங்கும்; அணை சுமார் 5,000 ஹெக்டேர் காட்டை மூழ்கடிக்கும், ஆலை உவர்க்கழிவைக் கடலில் விடும். இவற்றையெல்லாம் ரூபாயாக மாற்றி ஒரே எண்ணில் அடைக்க முயலாமல், தனித்தனிக் கட்டங்களில் அப்படியே எழுதிவைப்பது நேர்மையானது.

இறுதியாக, ஒரு டி.எம்.சி.யும் தராத தீர்வு ஒன்று பட்டியலில் விடுபட்டுப் போகும்: பற்றாக்குறைக் காலப் பங்கீட்டு வாய்பாடு. மழை குறைந்தால் விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்பதோடு தீர்ப்பு நின்றுவிட்டது. மாநிலங்கள் அனைத்தும் ஏற்ற வாய்பாடு இல்லாததால், 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அதன் ஒழுங்காற்றுக் குழுவும் ஒவ்வொரு வறட்சியிலும் நீர்வரத்துக் குறைவின் சதவீதத்தை வைத்துப் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது. இதை மதிப்பிட டி.எம்.சி. உதவாது; பழைய ஆண்டுகள் உதவும். முன்மொழியப்படும் வாய்பாட்டை 2002-03, 2012-13, 2016-17, 2023-24 ஆகிய ஆண்டுகளின் மாதவாரி நீர்வரத்தில் போட்டு, மேட்டூர் எந்தத் தேதியில் திறந்திருக்கும், மண்டியாவில் எத்தனை முறை தண்ணீர் விட்டிருப்பார்கள் என்று கணக்கிட்டு, அந்த விடையை உண்மையில் நடந்ததோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அணை கட்டுவதற்கான கட்டங்களை நிரப்புவதற்கு முன்பே இந்தக் கட்டத்தை நிரப்பிவிடலாம், ஏனெனில் இதற்கு வேண்டியவை பழைய பதிவேடுகள் மட்டுமே.