கூரை சோலார்: எத்தனை கிலோவாட் போடலாம்?

கடந்த ஆறு மின் கட்டண ரசீதுகளை எடுத்து, யூனிட்டுகளைக் கூட்டி ஆறால் வகுங்கள். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட் தரும். சராசரி 480 என்றால் 2 கிலோவாட் போதும். விற்பவர் 5 சொன்னாலும் அசராதீர்கள். கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும்.

பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேனல், அதற்குள் மின்சாரம் உண்டாக்கும் சோலார் செல் இரண்டுமே இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் அது கிடைக்கும். விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த ‘ஆன்-கிரிட்’ அமைப்பு, கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரே துண்டித்துக்கொள்ளும். பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம்.

பேனலைத் தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தால்கூட அந்த வரிசையின் உற்பத்தி சரியும். காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு மாடியேறிப் பாருங்கள்.

கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். உப்பான போர் தண்ணீர் வெள்ளைத் திட்டாகப் படியும்; ரப்பர் வைப்பரால் உடனே வழித்துவிடுங்கள்.