செம்மண் சாலைக்கு எந்த அப்சோபர்? பின்பக்கம் நாமே மாற்றுவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடி செம்மண் சாலை வரிவரியாகப் பள்ளம் விழுந்து கிடக்கும். அதில் தினமும் ஓடும் காருக்கு அப்சோபர் (குலுக்கலை அடக்கும் ‘ஷாக் அப்சார்பர்’) சீக்கிரம் போய்விடும். என் பெரோடுவா மைவி காருக்குப் பின்பக்க அப்சோபர் இரண்டையும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிட்டேன். அதன் செய்முறைதான் இது.

வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். அது அமுங்கி விரியும் ஆட்டத்தை அடக்குவது அப்சோபர். உள்ளே இருக்கும் பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வும் உண்டு. எண்ணெய் அவற்றின் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிவிடுகிறது. பெரும்பாலான கார்களில் அமுங்கும்போது குறைவாகவும் விரியும்போது அதிகமாகவும் தடுக்கும்படி வால்வை அமைத்திருப்பார்கள்.

இதனால்தான் ‘ஸ்போர்ட்ஸ்’ என்று விற்கும் கெட்டி அப்சோபர் நம் சாலைக்கு வேண்டாம் என்கிறேன். விரியும்போது தடை மிதமிஞ்சிப் போனால், ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஸ்ப்ரிங் முழுசாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வரிச்சாலையில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துபோய், கடைசியில் ரப்பர் தடுப்பில் இடிக்கும். தார்ச்சாலையில் சுகமாக இருப்பது தோட்டத்துக்குள் முதுகை உடைக்கும்.

அடுத்தது குழாய். இரட்டைக் குழாய் வகையில் உள்குழாயில் பிஸ்டனும், வெளிக்குழாயில் மீதி எண்ணெயும் கொஞ்சம் காற்றும் இருக்கும். வரிச்சாலையில் வேகமாக ஆடினால் குலுக்கிய சோடா மாதிரி எண்ணெய் நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்ப்பு குறைவு, வண்டி மிதக்க ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதிலாகக் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பினால் நுரைப்பது வெகுவாகக் குறையும். ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்துவைக்கிறது. சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் கல் தெறித்துக் குழாய் நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், விலையும் கூட. என் தேர்வு வாயு நிரப்பிய இரட்டைக் குழாய், அதுவும் காருக்கென்றே வந்த அளவில்.

சரி, வேலைக்கு வருவோம். மைவியில் பின்பக்கம் ஸ்ப்ரிங் தனி, அப்சோபர் தனி, அதனால் வீட்டில் செய்யலாம். முன்பக்கம் ஸ்ப்ரிங்கும் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த மேக்பெர்சன் ஸ்ட்ரட். அமுக்கிய ஸ்ப்ரிங் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும், நடு நட்டைக் கழற்றினால் ஆளையே அடித்துவிடும். அதைப் பட்டறைப் போமேனிடம் (மெக்கானிக்கிடம்) விட்டுவிடுங்கள்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியபின் இன்னொரு ஜாக்கை, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கட்டைக்கு அடியில் லேசாக முட்டுக்கொடுங்கள். இல்லையென்றால் அப்சோபரைக் கழற்றியதும் கட்டை கீழே தொங்கி பிரேக் குழாயை இழுக்கும். போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு எண்ணெய் அடித்துவைப்பது நல்லது. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். இதற்கு முன் ஒருமுறை பட்டறையில் மாற்றியபோது புது அப்சோபர் முதல் நாளே ‘டக் டக்’ என்றது. அப்சோபரில் பழுதில்லை. பெட்டியில் படுக்கவைத்திருந்ததால் உள்குழாயில் காற்று புகுந்திருந்தது, அதை வெளியேற்றாமல் மாட்டிவிட்டார்கள். இரட்டைக் குழாய் என்றால், பொருத்துவதற்கு முன் பிஸ்டன் தண்டு மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து முழுசாக இழுங்கள். அப்புறம் தலைகீழாகத் திருப்பி முழுசாக அமுக்குங்கள். மறுபடி நிமிர்த்தி இழுங்கள். நடுவில் எங்கும் தண்டு ‘சர்ரென்று’ தடையில்லாமல் ஓடுவது நிற்கும்வரை இதையே செய்யுங்கள். வழி நெடுக ஒரே மாதிரி கனம் கைக்குத் தெரிய வேண்டும். அதன்பின் படுக்கவைக்காமல் உடனே மாட்டிவிடுங்கள். பளபளவென்று இருக்கும் தண்டைக் குறடால் பிடிக்காதீர்கள், கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும்.

கீழ் போல்ட்டை இப்போதைக்குக் கையால் மட்டும் முடுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, எடை விழுந்தபின் இறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

பிற்சேர்க்கை: வாயு நிரப்பியதைப் போட்டால் கார் உயருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மிகச் சிறிதளவு உயரலாம், கண்ணுக்குத் தெரியாது. கார் ஏற்கெனவே தாழ்ந்து கிடந்தால் பார்க்க வேண்டியது ஸ்ப்ரிங்கை.