ஐயாயிரம் ரூபாய்க்குள் சிடி கேட்க: பிளேயரா, தனி டேக்கா?

எங்கள் வீட்டு மர அலமாரியில் இருநூறு சிடிக்குப் பக்கமாக இருக்கிறது. பாதி மார்கழி சீசனில் சபா வாசலில் வாங்கிய கச்சேரிப் பதிவுகள், மீதி சினிமாப் பாட்டு. அதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த மினி சிஸ்டம் போன வருஷம் "நோ டிஸ்க்" என்று காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. யமஹா, மரான்ட்ஸ் எல்லாம் இன்னும் புதிய சிடி பிளேயர் போடுகிறார்கள். விலையைப் பார்த்தேன், லேப்டாப்பை மூடிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் அலைந்து, ஒரு தப்பான பெட்டியை வாங்கித் திருப்பி அனுப்பி, கடைசியில் ஐயாயிரத்துக்குள் ஒரு செட் அமைந்தது. அந்த வழி இது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அலமாரியைப் பாருங்கள்

உங்களிடம் இருப்பது ஆடியோ சிடியா, எம்பி3 சிடியா? "150 பாடல்கள்" என்று அட்டையில் போட்டிருந்தால் அது எம்பி3. பழைய சிடி பிளேயர்களில் பெரும்பாலானவை அதைத் தொடாது. ஆடியோ சிடியில் ஏறக்குறைய 74 நிமிஷம்தான் கொள்ளும். இரண்டும் கலந்து வைத்திருப்பவர்கள் டிவிடி பிளேயர் பக்கம் வருவதுதான் நல்லது.

இரண்டு வேலை, ஒரு பெட்டி

சிடி பிளேயருக்குள் நடப்பது இரண்டு வேலை. ஒன்று, லேசரும் மோட்டாரும் சேர்ந்து தட்டில் இருக்கும் எண்களைப் படிப்பது. இடது, வலது என்று ஒவ்வொரு பக்கத்து ஒலிக்கும் நொடிக்கு 44,100 எண், ஒவ்வொன்றும் 16 பிட். இரண்டு, அந்த எண்களை ஆம்ப் புரிந்துகொள்ளும் மின்சாரமாக மாற்றுவது. இரண்டாவது வேலையைத் தனியாகச் செய்யும் பெட்டிதான் டேக் (DAC).

முதல் சிடி பிளேயரை 1982-ல் சோனி விற்ற காலத்தில் இந்த இரண்டாவது வேலைதான் கஷ்டமும் செலவும். இன்று அது தலைகீழ். மாற்றும் சிப் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. தேய்வதும் பழுதாவதும் படிக்கும் பகுதி. அதனால் கையில் காசு குறைவாக இருந்தால் ஒழுங்காகப் படிக்கிற பெட்டியைத் தேடுங்கள். சிப் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழி?

பழைய சிடி பிளேயர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். பழைய டிவிடி பிளேயரோடு ஒரு டேக் சேர்க்கலாம். அல்லது சிடிக்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு யூஎஸ்பி டேக் வழியாகக் கேட்கலாம்.

மூன்றாவதுதான் மிகவும் மலிவு. லேப்டாப்பில் டிரைவ் இருந்தால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் போதும். ஃப்ளாக் கோப்பாகச் சேமித்தால் ஒலியில் ஒன்றும் குறையாது, இடம் மட்டும் ஏறக்குறைய பாதியாகும். டேக் வேண்டுமென்றால் ஆப்பிளின் டைப்-சி ஹெட்போன் அடாப்டரே போதும், அந்த விலைக்கு ஆச்சரியமான பொருள். ஆண்ட்ராய்டு போனில் மட்டும் மாட்டாதீர்கள், சத்தம் பாதாளத்தில் இருக்கும். லேப்டாப்பில் பிரச்சினை இல்லை.

எனக்குத் தட்டை எடுத்து, துடைத்து, டிரேயில் வைத்து, அட்டையைப் படித்துக்கொண்டே கேட்க வேண்டும். அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன். ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

டிவிடி பிளேயர் எடுப்பது

வீட்டுப் பரணில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளுக்குப் பக்கத்தில் "கோஆக்சியல்" என்று எழுதிய ஒற்றைத் துளை இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆரஞ்சு நிற வளையம் இருக்கும், சிலவற்றில் கறுப்பு. சதுர மூடி போட்ட "ஆப்டிகல்" துளை இருந்தாலும் சரி. எச்டிஎம்ஐ மட்டும் உள்ளதை விட்டுவிடுங்கள், அதிலிருந்து ஒலியைப் பிரிக்க இன்னொரு பெட்டி வாங்க வேண்டி வரும்.

கடைக்கு உங்கள் சிடி ஒன்றைக் கொண்டுபோங்கள், இருப்பதிலேயே நீளமானதாக. கடைக்காரர் முதல் பாட்டைப் போட்டுக் காட்டுவார். நீங்கள் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். சிடி உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுகிறது. தளர்ந்த லென்ஸும் தேய்ந்த பற்சக்கரமும் வெளி ஓரத்துக்கு வரும்போதுதான் குட்டு வெளிப்படும். நான் போன கடையில் முதல் பிளேயர் கடைசிப் பாட்டில் விக்கியது.

"அண்ணே, இது தாண்டுதே?"

"சார், யார் சார் கடைசிப் பாட்டு வரைக்கும் கேக்குறாங்க?" என்றார் அவர். ஆனாலும் நல்ல மனிதர், மூன்றாவதாக ஒரு பிளேயரை எடுத்து, லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். அது இன்றுவரை ஓடுகிறது. ரிமோட் கேட்டு வாங்குங்கள், ஏன் என்று கீழே வரும்.

சிடி பிளேயரே வேண்டும் என்பவர்களுக்கும் இதே சோதனைதான். டிரே திறக்கத் திணறினால் பயப்படாதீர்கள், ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், அது சின்ன வேலை. கடைசிப் பாட்டில் விக்கினால் லென்ஸ் மாற்ற வேண்டி வரலாம். சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை லென்ஸ் உள்ளே இருந்தால் தைரியமாக வாங்கலாம், மாற்று இன்னும் எளிதாகக் கிடைக்கிறது.

டேக் வாங்குவது: நான் விழுந்த குழி

மூன்று வாரம் விமர்சனம் படித்தேன். எந்த சிப், எத்தனை டெசிபல் என்று நோட்டில் எழுதி வைத்தேன். கடைசியில் எல்லோரும் புகழ்ந்த ஒரு பெட்டியை வரவழைத்தேன். பின்னால் யூஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் எல்லாம் இருந்தன. டிவிடியின் கோஆக்சியலில் இருந்து டேக்கின் கோஆக்சியலுக்கு வயரைப் போட்டேன். சத்தம் இல்லை. வயரை மாற்றினேன். பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஆம்ப் மேல் சந்தேகப்பட்டேன். நான்கு நாள்.

ஐந்தாம் நாள் போன் டார்ச்சை அடித்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அந்தத் துளைக்குக் கீழே பார்த்தேன். கடுகளவு எழுத்தில் "அவுட்" என்று இருந்தது. ஆப்டிகலுக்குக் கீழேயும் அதே. அந்தப் பெட்டி யூஎஸ்பியில் மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டும் கம்ப்யூட்டரிலிருந்து வருவதை வேறொரு பெட்டிக்குக் கடத்துவதற்காக வைத்தவை. பெட்டியில் குறையே இல்லை, லேப்டாப் வைத்திருப்பவருக்கு அருமையான பொருள். என் வேலைக்கு மட்டும் ஆகாது.

ஆகவே டேக் வாங்கும்போது சிப் பெயருக்கு முன்னால் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் "இன்" என்று இருக்கிறதா, "அவுட்" என்று இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். உங்கள் பிளேயரில் கோஆக்சியல் அவுட் என்றால் டேக்கில் கோஆக்சியல் இன் வேண்டும். ஆப்டிகலுக்கும் அப்படியே. படத்தில் தெரியவில்லையென்றால் அந்தப் பொருளை வாங்காதீர்கள்.

திருப்பி அனுப்பிவிட்டு நான் எடுத்தது ஃபியோ டி03கே என்ற சின்னக் கறுப்புப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கோஆக்சியல், ஆப்டிகல் இரண்டும் உள்ளே வாங்கும், 5 வோல்ட் அடாப்டரில் ஓடும், சிடி தருவதைவிட அதிகமாகவே, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை, ஏற்கும். இன்னும் மலிவாக, பெயரே இல்லாத பெட்டிகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. வேலை செய்யும், ஆனால் கூட வரும் அடாப்டர் மோசமென்றால் மெல்லிய இரைச்சல் கேட்கும். நல்ல கம்பெனி போன் சார்ஜரை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிப் சண்டை பற்றி ஒரு வார்த்தை. அசாஹி கசெய் சிப் "இனிமை", ஈஎஸ்எஸ் சிப் "கூர்மை" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் அசாஹி கசெய் தொழிற்சாலை தீப்பிடித்தபோது பல டேக் கம்பெனிகள் ஈஎஸ்எஸ் பக்கம் தாவின. கண்ணை மூடிக் கேட்டு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சந்தோஷம், ஆனால் அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

இணைப்பது

கோஆக்சியலுக்குத் தனி "டிஜிட்டல் கேபிள்" வாங்க வேண்டாம். டிவிடியோடு வந்த ஏவி வயரில் மஞ்சள் வயரை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கும் இதற்கும் ஒரே 75 ஓம் கணக்கு. ஒரு மீட்டர் தூரத்துக்கு அதுவே போதும். சிவப்பும் வெள்ளையும் டேக்கிலிருந்து ஆம்புக்கு.

ஆப்டிகல் என்றால் வயரின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், கழற்ற வேண்டும். சிரிக்காதீர்கள், என் நண்பர் தொப்பியோடு அழுத்தி ஒரு துளையின் கதவையே உடைத்துவிட்டார். பிளேயர் ஆன் ஆனதும் வயரின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வெளிச்சம் வரவில்லையா, அல்லது கோஆக்சியலில் சத்தம் இல்லையா? பிளேயரை ஒரு முறை டிவியில் இணைத்து, ரிமோட்டில் செட்டப் அழுத்தி, ஆடியோ பகுதிக்குப் போங்கள். டிஜிட்டல் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். பலவற்றில் அது "ஆஃப்"-இல் கிடக்கும். "பிசிஎம்" என்று மாற்றுங்கள். "ரா" அல்லது "பிட்ஸ்ட்ரீம்" என்று விட்டாலும் சிடி பாடும், ஆனால் படம் போட்டால் டால்பி ஒலி மாற்றாமல் வந்து, இரண்டு சேனல் டேக் திகைத்து நிற்கும். டிவி வேலை இந்த ஒரு தடவைதான்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது

புது டேக்கை மாட்டியவுடன் "ஆகா, என்ன தெளிவு" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு பார்த்தால் டேக்கின் சத்தம் டிவிடியின் சொந்த அவுட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கொஞ்சம் உரக்கக் கேட்பது காதுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு நிமிஷம் உருவாக்கி சிடியில் எழுதுங்கள். மலிவான மீட்டர்கள் மேல் அலைவரிசையில் தப்பாகக் காட்டும் என்பதால்தான் 100. ஆம்ப் சத்தத்தைக் கீழே வைத்து, சிடியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் பாருங்கள். டேக் வழியாக 1 வோல்ட் வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிவிடியின் சொந்த அவுட் வழியாகவும் அதே 1 வோல்ட் வரும் இடத்தைக் குறியுங்கள். பிறகு பாட்டைப் போட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள், நீங்கள் பார்க்காமல் வேறு யாராவது மாற்ற வேண்டும்.

என் தங்கை மகன் மாற்றினான். "மாமா, இது ஏ-வா பி-யா?" பத்தில் ஆறு சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். ஆனால் அந்த டிவிடியின் சொந்த அவுட்டில் பாட்டு இல்லாத இடத்தில் ஒரு மெல்லிய கீச்சு இருந்தது, தம்புரா மட்டும் ஒலிக்கும்போது தெரியும். டேக்கில் அது இல்லை. நான் டேக்கை வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

பிறகு சேர்த்தது: "உர்ர்" சத்தம்

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே விஷயத்தை எழுதினார்கள்: கோஆக்சியலில் இணைத்ததும் அடியில் ஹம்மிங். மூவர் வீட்டிலும் அதே ஆம்பில் டிவியும் இணைந்திருந்தது, டிவிக்கு டிடிஎச் வயர். டிடிஎச் வயரைக் கழற்றிப் பாருங்கள், ஹம்மிங் நின்றால் காரணம் எர்த் சுற்றுதான், அதாவது வயர்கள் வழியாக எர்த் இரண்டு பக்கமும் இணைந்து ஒரு வளையமாகிவிடுவது. ஆப்டிகலுக்கு மாறினால் பிளேயருக்கும் டேக்குக்கும் நடுவே உள்ள உலோகத் தொடர்பு அறுந்துவிடும். இருவருக்கு அதிலேயே தீர்ந்தது. மூன்றாமவருக்குத் தீரவில்லை, அவர் வீட்டில் கோளாறு டிவிக்கும் ஆம்புக்கும் இடையில்.

இன்னொரு சேர்க்கை: ஜப்பான் பிளேயர்

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சிடி பிளேயர் மலிவாகக் கிடைத்ததென்று ஒருவர் படம் அனுப்பினார். பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று இருந்தது. நம் வீட்டு 230-ல் நேராகச் செருகினால் உள்ளே புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அவர் நல்லவேளையாகச் செருகுவதற்கு முன் கேட்டார்.

பாட்டுக்குப் பாட்டு இடைவெளி

இதை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். கச்சேரி சிடிக்களில் ராகம் ஒரு ட்ராக், தானம் ஒரு ட்ராக் என்று பிரித்திருப்பார்கள், பாடுவது இடைவிடாமல் போகும். என் டிவிடி பிளேயர் ஒவ்வொரு ட்ராக் மாறும்போதும் அரை நொடி மௌனமாகிறது. சினிமாப் பாட்டில் தெரியவே தெரியாது. தானத்துக்குள் நுழையும் இடத்தில் மூச்சை வெட்டியது போல இருக்கிறது. சிடிக்கென்றே செய்த பிளேயர்களில் இந்தத் தொல்லை கிடையாது. மெனுவில் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன், இதற்கு வழி இல்லை. அப்படிப்பட்ட பன்னிரண்டு சிடிக்களை மட்டும் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருக்கிறேன். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்து கேட்கிறேன்.