வெள்ளம் வடிந்த பிறகு கரையோரக் கிணற்றைத் துப்புரவாக்குவது

1934–35இல் மலேரியா நாட்டை உலுக்கியதை அடுத்துத்தான் 1936இல் செஞ்சிலுவைச் சங்கம் இலங்கையில் காலூன்றியது. மாரி வெள்ளம் வடிந்ததும் ஊருக்குள் இறங்கும் தொண்டருக்கு இன்றைக்கும் நோய்த் தடுப்புத்தான் பெரிய வேலை. அது கிணற்றடியில் தொடங்குகிறது.

எட்டிப் பார்த்தவுடனே மெஷினைப் போட்டு வற்ற இறைக்காதீர்கள். திருகோணமலை மாவட்டத்து நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியாப் பக்கத்து மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கணக்குப்படி மேல்மட்டம் ஒரு அங்குலம் தாழ்ந்தால் அடியிலிருந்து உப்பு நாற்பது அங்குலம் வரை ஏறலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் பல கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உப்பு குறையவில்லை. அதைக் கழுவித் தள்ளியது மழைதான். மணலில் வேகமாக இறைத்தால் கிணற்றின் சுவர் வளையமும் சரியும். ஆகவே ஒரே முறை, மெதுவாக, கலங்கலும் சேறும் போகும் அளவுக்கு மட்டும் இறையுங்கள். மெஷினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும்.

ஊறி வந்த தண்ணீர் தெளியட்டும். கலங்கலில் போட்ட குளோரின் சேற்றோடு சேர்ந்து வீணாகும். பிறகு அளவெடுங்கள்: விட்டம் × விட்டம் × 0.8 × தண்ணீரின் ஆழம், எல்லாம் மீற்றரில். விட்டம் 1.5, ஆழம் 1.2 என்றால் ஏறக்குறைய 2.1 கன மீற்றர், அதாவது 2,100 லீற்றர்.

20 லீற்றர் பிளாஸ்டிக் வாளியில் 70 வீதக் குளோரின் தூள் 50 கிராம் கரையுங்கள். 33 வீதத் தூள் என்றால் 100 கிராம். தூளிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் எடுத்து, 1,000 லீற்றருக்கு 10 லீற்றர் வீதம் ஊற்றுங்கள். மேலே சொன்ன கிணற்றுக்கு ஒரு வாளியும் இன்னொரு லீற்றரும் போதும். உட்சுவரையும் இதே கரைசலால் தேய்த்துவிடுங்கள். வாளியால் நன்றாகக் கலக்கி, இரவு முழுக்க மூடி வையுங்கள். தூளை அப்படியே கொட்டினால் கட்டியாக அடியில் கிடக்கும். மூடி திறந்து நாள்பட்ட தூளில் வீரியம் இருக்காது. காரம் நெடியாக மூக்கில் ஏறாவிட்டால் அதை நம்ப வேண்டாம்.

விடிந்ததும் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் வரை மெல்ல இறைத்துக் கொட்டுங்கள். பரிசோதனைப் பெட்டி இல்லாத இடத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். அதுவரை குடிதண்ணீரை வேறிடத்தில் எடுத்துக் கொதிக்க வையுங்கள். குளோரின் கிருமியைக் கொல்லும். உப்பையோ டீசலையோ போக்காது. மலசலகூடக் குழி 30 மீற்றருக்குள் இருந்தால் கிணறு திரும்பவும் கெடும்.