இங்கிலாந்து முதியோர் இல்லத்தில் வசந்தகாலத் தோட்டம்: முதல்முறை தொடங்குவோருக்கு

இங்கிலாந்தில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் மாலை நான்கு மணிக்கே திரைச்சீலையை இழுத்து மூடிப் பழகிய முதியோர் பராமரிப்பு இல்லங்களில், மாலைச் சாப்பாடு முடிந்த பின்னும் வெளிச்சம் நிற்கத் தொடங்குவது அப்போதுதான். பராமரிப்புப் பணிக்காக இங்கே வந்திருக்கும் நம்மவர்களிடம் மேலாளர் ‘தோட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள்’ என்று சொல்வதும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். ஊரில் கத்தரியும் வெண்டையும் போட்ட அனுபவம் இங்கே பாதிதான் உதவும். மீதிப் பாதிக்காக, நான் தவறுகள் செய்து கற்றுக்கொண்டவற்றைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மண்ணைத் தொடும் முன் ஆட்களிடம் பேசுங்கள்

ஒவ்வொருவருடைய பராமரிப்புக் கோப்பிலும் அவர் முன்பு செய்த வேலை, பிடித்தவை, பிடிக்காதவை பற்றிய குறிப்பு இருக்கும். அதைப் படித்துவிட்டு, ‘உங்கள் வீட்டுத் தோட்டத்தில் என்ன இருந்தது?’ என்று நேரில் கேளுங்கள். இப்போது தொண்ணூறை நெருங்குகிறவர்களும் கடந்தவர்களும் இரண்டாம் உலகப் போரின்போது குழந்தைகளாக இருந்தவர்கள். ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்று அரசாங்கமே பிரசாரம் செய்து, புல்வெளிகளையெல்லாம் காய்கறிப் பாத்திகளாக மாற்றிய காலம் அது. உணவுப் பங்கீடு 1954-இல்தான் முழுவதும் முடிந்தது. அதனால் உருளைக்கிழங்கு என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு அப்பாவின் மண்வெட்டி நினைவுக்கு வருகிறது.

மறதி நோய் முற்றிய ஒரு பெரியவர் வாரக்கணக்கில் யாரிடமும் பேசாமல் இருந்தார். அவர் அருகில் உட்கார்ந்து ஒரு விதைக்கிழங்கை நான் முளை கீழே இருக்கும்படி வைத்துவிட்டேன். அவர் கையை நீட்டி அதை எடுத்து, முளை மேலே வருமாறு திருப்பி வைத்து, சுற்றிலும் மண்ணைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினார். பிறகு அடுத்த கிழங்குக்காகக் கையை ஏந்தினார். அன்றிலிருந்து நான் எந்த வேலையையும் அவர்களுக்காகச் செய்து முடிப்பதில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். வரிசை கோணினால் கோணட்டும்.

படி 2: இடத்தைத் தயார் செய்யுங்கள்

சக்கர நாற்காலி செல்லப் பாதை குறைந்தது 120 செ.மீ. அகலமாக, ஆடாத கற்களுடன் இருக்க வேண்டும். இருக்கைகளுக்குக் கைப்பிடி அவசியம், இல்லையென்றால் உட்கார்ந்தவரால் எழ முடியாது. கழிப்பறைக்கு அருகில் உள்ள வாசலையே பயன்படுத்துங்கள். இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, ஆனால் ஒருவர் வெளியே வரச் சம்மதிப்பதும் மறுப்பதும் பல நேரம் இதைப் பொறுத்தே இருக்கிறது. வாசலில் கறுப்பு மிதியடி போடாதீர்கள். மறதி நோய் உள்ளவர்களின் கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியக்கூடும் என்பதால், அதன் விளிம்பிலேயே நின்றுவிடுவார்கள்.

உயரமாகக் கட்டிய பாத்தி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டக்கூடியதாக இருந்தால் 60 செ.மீ. அகலமும், இரு பக்கமும் எட்டினால் 120 செ.மீ. அகலமும் போதும். வழக்கமான பெட்டிப் பாத்தியின் முன்னால் சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் இடிக்கும். அவர் பக்கவாட்டில் திரும்பி, இடுப்பை முறுக்கியபடி வேலை செய்ய நேரும். எனவே அடியில் சுமார் 70 செ.மீ. காலி இடம் விட்ட மேசை வடிவத் தொட்டி ஒன்றாவது வாங்கச் சொல்லுங்கள். அதில் மண் ஆழம் குறைவு என்பதால் லெட்யூஸ், புதினா, சைவ்ஸ் போன்றவையே சரிப்படும். மண் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள்: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம் உள்ள பாத்தியை நிரப்ப 50 லிட்டர் பைகள் 24 வேண்டும். நான் முதல்முறை எட்டுப் பைகளோடு நின்றேன்.

படி 3: செடிகளைத் தேர்ந்தெடுங்கள்

கையில் கிடைப்பதை வாயில் வைத்துவிடுகிறவர்கள் இல்லத்தில் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபாக்ஸ்க்ளவ், மங்க்ஸ்ஹூட், லில்லி ஆஃப் த வேலி மூன்றும் அழகானவை, மூன்றும் கொடிய நச்சு உள்ளவை. டாஃபடில் கிழங்கு பார்ப்பதற்கு வெங்காயம் போலவே இருக்கும், அதுவும் நச்சு. மணத்துக்காக எல்லோரும் கேட்கும் ஸ்வீட் பீயின் விதைகளும் அப்படியே; ஆகவே காய் பிடிக்கும் முன் பூவைத் தொடர்ந்து பறிக்க வேண்டும். பறிக்கப் பறிக்க அது பூத்துக்கொண்டே இருக்கும் என்பது கூடுதல் வசதி. லாவெண்டர், ரோஸ்மேரி, சூரியகாந்தி, பூவும் இலையும் தின்னத்தக்க நாஸ்டர்ஷியம் ஆகியவற்றை நம்பி வைக்கலாம். பார்வை மங்கியவர்கள் லாவெண்டர் இலையைக் கசக்கி முகர்ந்தே எந்தப் பாத்தியருகில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள்.

படி 4: உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குங்கள்

தொடக்கநிலையினருக்கு இதைவிட நல்ல பயிரை நான் பார்க்கவில்லை. பிப்ரவரியில், சீக்கிரம் விளையும் ரக விதைக்கிழங்குகளை வாங்கி, முட்டை அட்டையின் குழிகளில் கண் அதிகமுள்ள பக்கம் மேலே இருக்குமாறு நிறுத்தி, குளிர்ச்சியும் வெளிச்சமும் உள்ள சன்னலோரத்தில் வையுங்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவரின் அறைச் சன்னல் இதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் முளை வளர்வதை நாள்தோறும் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவருடையதாகிவிடும். முளை 2 முதல் 3 செ.மீ. வந்ததும், மார்ச் இறுதியில் நடலாம்.

அடியில் ஓட்டையுள்ள 40 லிட்டர் வாளியைத் தாழ்வான மேசைமீது வைத்து, 10 செ.மீ. உயரத்துக்கு மட்டும் மண் போட்டு, இரண்டு மூன்று கிழங்குகளை வைத்து, மேலே அதே அளவு மண்ணால் மூடுங்கள். வாளி அப்போது பாதிகூட நிறைந்திருக்காது என்பதால் இரண்டு பேராகத் தூக்கித் தரையில் இறக்கிவிடலாம். தண்டு வளர வளர மண் அணைத்துக்கொண்டே வந்து வாளியை நிரப்ப வேண்டும். சின்னச் சின்ன வேலையாகப் பல வாரங்களுக்கு நீளும் என்பதே இந்தப் பயிரின் பெரிய நன்மை.

பையிலிருந்து மண்ணைக் கொட்டும்போது மட்டும் கவனம் தேவை. கம்போஸ்ட் தூசியில் லெஜியோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது நுரையீரலைத் தாக்கும். பையை முகத்துக்கு விலக்கி, திறந்த வெளியில், நீங்களே பிரித்து, லேசாக ஈரப்படுத்திய பிறகே அவர்கள் முன்னால் வையுங்கள். கையுறை போட்டாலும் முடிவில் சோப்பால் கை கழுவ வேண்டும்.

படி 5: மே மாதத்தை நம்பாதீர்கள்

ஏப்ரலில் நன்றாக வெயில் அடிக்கும். நம் ஊர்க்காரருக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் தென் இங்கிலாந்திலும் மே மாதத்தில் உறைபனி வரலாம். ரன்னர் பீன்ஸ் நாற்றுகளை மே முதல் வாரத்திலேயே வெளியே நட்டு, ஒரே இரவில் அத்தனையும் கறுத்துச் சாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். விதை போட்ட பெண்மணி காலையில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் உறைத்தது. ஏப்ரல் பாதியில் உள்ளே விதைத்து, மே இறுதியில் வெளியே நடுவதுதான் முறை. அதற்கும் முன் ஒரு வாரம், நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்குங்கள். முளைத்த உருளைக்கிழங்கு இலைகளையும் பனி அறிவிப்பு வந்த இரவுகளில் மெல்லிய தோட்டத் துணியால் போர்த்துங்கள்.

படி 6: ஒரு நாள் வேலையை எப்படி நடத்துவது

நான்கு பேர், அரை மணி நேரம், ஒரே வேலை. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அமியோடரோன், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் எடுப்பவர்களின் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும் என்பதால், வெளியே அழைத்துப் போகும் முன் செவிலியரிடம் மருந்துப் பட்டியலைப் பற்றிக் கேளுங்கள். தொப்பி, முழங்காலுக்குப் போர்வை, குடிக்கத் தண்ணீர் மூன்றும் ஒரு கூடையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். பூவாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பாதீர்கள். நிறைந்த பூவாளி மணிக்கட்டை இழுக்கும். மண்ணைக் கிளறினால் புழுவைத் தேடி ராபின் குருவி அருகிலேயே வந்து இறங்கும், அப்போது வேலை தானாக நின்றுவிடும். நிற்கட்டும், அதுவும் அன்றைய நிகழ்ச்சியில் சேர்த்திதான்.

படி 7: அறுவடை

நட்ட பத்து முதல் பன்னிரண்டு வாரங்களில், ஜூன் மாதத்தில், விரிப்பின்மேல் வாளியைக் கவிழ்த்துவிட்டு விலகி நில்லுங்கள். கிழங்கைத் தேடி எடுப்பது அவர்கள் வேலை. பச்சை நிறம் ஏறியவற்றில் சோலனைன் என்ற நச்சு இருப்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு, மீதியைக் கழுவிச் சமையலறைக்குக் கொண்டு செல்லுங்கள். சமையல்காரரிடம் முந்தைய நாளே சொல்லி வைத்தால், புதினா போட்டு வேகவைத்து வெண்ணெயோடு அன்று மதியமே பரிமாறுவார். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களின் பங்கைத் தனியாக எடுத்து வைத்து, அவரவர் கோப்பில் குறித்துள்ள பதத்துக்கு மசித்துத் தரச் சொல்லுங்கள். அது அவர்கள் நட்ட வாளியின் கிழங்காகவே இருக்கட்டும்.