குவேக்கர் மௌனக் கூட்டத்திற்கு முதன்முறை செல்வோருக்கு

கிறிஸ்தவ மரபில் தோன்றிய, குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சங்கத்தாரின் வழிபாட்டுக் கூட்டம், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வசிப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளில் அறிமுகமாகிறது. இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில் அண்டை வீட்டார் யாராவது அழைத்துச் செல்வார்கள். இல்லையென்றால், அங்கே நடக்கும் கூட்டத்தில் ஜூம் வழியாக இங்கிருந்தே சேர்ந்துகொள்வார்கள். எந்தச் சமயத்தவரும் வரலாம், உறுப்பினராகச் சேரும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அறியாமல் போகிறவருக்கு முதல் கால் மணி நேரம் சங்கடமாகவே கழியும்.

தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தின் ஆராதனையிலோ வேளாங்கண்ணித் திருப்பலியிலோ பழகியவர்கள் எதிர்பார்க்கும் பாடல், பிரசங்கம், நற்கருணை, பீடம் எதுவும் இங்கே இல்லை. மனிதருக்கும் கடவுளுக்கும் நடுவே குரு ஒருவர் நிற்கத் தேவையில்லை என்று 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இச்சங்கத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபாக்ஸ் போதித்ததே இதற்குக் காரணம். நாற்காலிகள் வட்டமாகவோ சதுரமாகவோ போடப்பட்டிருக்கும். நடுவில் உள்ள மேசையில் பூக்களும் விவிலியமும் சில நூல்களும் இருக்கும். அவற்றுள், 42 பத்திகளில் ஆலோசனைகளும் வினாக்களும் அடங்கிய மெல்லிய கையேட்டை முன்னதாகவே புரட்டிப் பார்ப்பது நல்லது. கென்யாவிலும் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் போதகரும் பாடல்களும் கொண்ட குவேக்கர் கூட்டங்களும் உண்டு என்பதால், செல்லவிருப்பது எந்த வகை என்று அழைத்தவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மௌனம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடிக்கும். அதனை யாரும் தொடங்கிவைப்பதில்லை. முதல் ஆள் வந்து அமர்ந்ததுமே அது தொடங்கிவிடுகிறது. தியானப் பயிற்சிக்குப் பழகியவர்கள் கண்ணை மூடித் தமக்குள் மூழ்கிவிடுவது இயல்பு, அதை யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆயினும் பஜனையில் பலரின் குரல் ஒன்றுசேர்வதுபோல இங்கே பலரின் மௌனம் ஒன்றுசேர வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே சுற்றி அமர்ந்திருப்பவர்களையும் உணர்ந்தபடி, ஏதேனும் ஒரு வழிநடத்தல் கிடைக்குமா என்று எல்லோருடனும் சேர்ந்து காத்திருப்பதுதான் சரியான முறை. கண்ணைத் திறந்திருக்கலாம், மனத்துக்குள் ஜபம் செய்யலாம், மேசையிலுள்ள நூலை எடுத்துச் சற்று வாசிக்கலாம். ஜூன் மாதமானால், 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்ற கவலை வந்து நிற்கும். அதோடு மல்லுக்கு நிற்காமல் வந்த வழியே போக விட்டுவிட்டால் சற்று நேரத்தில் மனம் தானாகத் தணியும்.

இடையில் யாராவது எழுந்து நின்று, தம் உள்ளத்தில் தோன்றியதை ஓரிரு நிமிடங்கள் பேசிவிட்டு அமரக்கூடும். அது விவாதத்துக்கான அழைப்பு அன்று. அவருக்குப் பதில் சொல்வது, கைதட்டுவது, உடனே எழுந்து அடுத்தவராகப் பேசுவது ஆகிய மூன்றையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சொன்னது எல்லோருக்குள்ளும் இறங்கச் சிறிது நேரம் விட வேண்டும். புதியவரும் பேசலாம் என்றாலும், முதல் முறை வாய் திறக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மேடை கண்டால் பேச்சு ஊறும் ஊர்க்காரர்கள் நாம். ஒருவர்கூடப் பேசாமலேயே கூட்டம் முடிவதும் உண்டு, அதனைக் குறையாக யாரும் கருதுவதில்லை.

பிரிட்டனில் பல இடங்களில் ஞாயிறு காலை 10.30 மணிக்குக் கூட்டம் தொடங்கும். நமக்கு அது கோடையில் பிற்பகல் 3 மணி, குளிர்காலத்தில் 4 மணி. ஆகவே ஜூம் வழியாகச் சேர்பவர்கள் அன்று வயிறு முட்டச் சாப்பிட்டால் மௌனம் உறக்கமாகிவிடும். ஒலிவாங்கியை அணைத்து வைப்பது இன்றியமையாதது. ஆடி மாதத்தில் தெருமுனை ஒலிபெருக்கியின் அம்மன் பாட்டு முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பேரனின் செல்பேசியில் நுழைபவர்கள், திரையில் அவன் பெயருக்குப் பதிலாகத் தம் பெயர் தெரியும்படி மாற்றிக்கொள்ளட்டும். இறுதியில் கையசைத்தால் கூட்டம் முடிந்தது என்று பொருள்.

நேரில் செல்பவர்கள் பத்து நிமிடம் முன்னதாகப் போக வேண்டும். தாமதமானால் வாசலுக்கு அருகிலுள்ள நாற்காலியில் ஓசையின்றி அமர வேண்டும். செருப்பைக் கழற்றும் வழக்கம் இல்லை. கூட்டம் முடிந்ததற்கு அடையாளமாக இருவர் கைகுலுக்குவார்கள். பிறகு அவரவர் அருகில் இருப்பவருடன் கைகுலுக்குவார்கள், கைகூப்பினாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லியே அழைப்பது அவர்கள் மரபு. நமக்கு அது நாவில் வராது, சற்றே பழகிக்கொள்ள வேண்டும். அறிவிப்புகளுக்குப் பின் தேநீர் தருவார்கள். கேள்விகளை அப்போது தாராளமாகக் கேட்கலாம், ஆனால் எழுந்து பேசியவரிடம் அவர் சொன்னதைப் பற்றி வாதாடக் கூடாது. சில ஞாயிறுகளில் அவரவர் கொண்டுவந்த உணவைப் பகிர்ந்து உண்பார்கள். புளியோதரை கொண்டுசெல்பவர்கள், அதில் வேர்க்கடலை இருப்பதை ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் அருகே வைத்துவிட வேண்டும், ஏனெனில் கடலை ஒவ்வாதவர்கள் அங்கே இருக்கக்கூடும்.